இடது கண்ணின் வளையம்

எங்கள் ஆய்வகத்தில் யாரும் உட்கார விரும்பாத நாற்காலி ஒன்று இருந்தது. அதற்காகத்தான் நான் ஒரு வருடத்துக்கும் மேலாக வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு தனியார் ஆய்வகத்தின் மாடி. பெரிய அறையில் ரத்தம் பார்க்கும் இயந்திரங்கள். அங்கே ஏசி உண்டு, வழவழப்பான தரை உண்டு, எந்த வாடையும் கிடையாது. அதை ஒட்டிய சின்ன அறையில், ஜன்னலுக்குக் கீழே, மோஷன் மேசை. மலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எங்கள் ஊரில் டாக்டர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் அது மோஷன்தான். மேசைக்கு அடியில் பினாயில் ஊற்றிய வாளி ஒன்று இருக்கும். பார்த்து முடித்த ஸ்லைடுகள் அதில் போகும். அந்த அறையைக் கடக்கும்போது எல்லோரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு நடையைக் கூட்டுவார்கள்.

நான் அங்கே உட்கார ஆசைப்பட்டதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, இயந்திர அறையில் என் வேலை குழாயைச் செருகுவதும் வருகிற எண்ணை எடுத்துக் கொடுப்பதும்தான். குடலில் இருக்கும் புழுவை மட்டும் இன்னமும் ஒரு ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டு, மேடத்தின் மேசை அந்தச் சின்ன அறையில் இருந்தது. மேடம் எங்கள் நுண்ணுயிரியல் டாக்டர். அவர் பக்கத்தில் இருந்தால் தினமும் ஏதாவது ஒன்று புதிதாகக் காதில் விழும். மூன்றாவது காரணத்தை நான் எனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அது அவளுடைய நாற்காலி.

அவள் மேலப்பாளையத்துக்காரி. என் வயது, என் படிப்பு, என் சம்பளம். எனக்குச் சில மாதங்கள் முன்னால் சேர்ந்தவள், அவ்வளவுதான். ஒருநாள் அவள், ஒருநாள் நான் என்று மாறிமாறித்தான் அந்த மேசையில் வேலை செய்தோம். ஆனாலும் யாரைக் கேட்டாலும் அது அவள் இடம். நான் உட்கார்ந்திருக்கும் நாளிலும் கீழே வரவேற்பிலிருந்து போன் வந்தால், "அவ இல்லையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

மைக்ராஸ்கோப் முன் அமரும்போது அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலைமுக்காட்டின் மேலேயே செருகிக்கொள்வாள். அவளுக்கு இடது கண்ணில் பார்வை கொஞ்சம் குறைவு. அதற்கு ஈடுகட்ட, மைக்ராஸ்கோப்பின் இடது பக்கக் குழாயில் ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பி வைத்துக்கொண்டால் கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரியும். அவள் அதை ஒரு பக்கமாகக் கடைசிவரை திருப்பி வைத்திருப்பாள். என் இரண்டு கண்ணும் சமம். வளையத்தின் வெள்ளைக் கோடு நடுவில் நிற்கவேண்டும். ஆகவே என் முறை வரும் காலைகளில் என் முதல் வேலை, அவளுடைய கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுப்பது. கையுறை போடுவதற்கு முன், சலைன் என்கிற உப்புத் தண்ணீர்ச் சொட்டு வைப்பதற்கு முன், அந்த வளையத்தை நடுவுக்குக் கொண்டுவருவேன். அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது.

அவள் கண் குறையுள்ள கண் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஏனென்றால் அந்தக் கண்ணில்தான் எல்லாம் மாட்டியது.

"ஏளா, இங்கன வா. கொக்கிப்புழு முட்ட ஒண்ணு ஓரமா ஒதுங்கி ஒக்காந்திருக்கு பாரு, பொண்ணு பாக்க வந்த வீட்டுல மாப்பிள்ள ஒக்காந்திருக்க மாதிரி."

நான் போய்ப் பார்ப்பேன். இருக்கும். கண்ணாடி போன்ற மெல்லிய ஓடு, உள்ளே நாலு செல், சுற்றிலும் ஒரு வெற்றிடம். பாடப்புத்தகத்தில் வரைந்தது போல இருக்கும். ஸ்லைடை வைத்து ஒரு வாய் டீ குடிப்பதற்குள் கண்டுபிடித்திருப்பாள். நான் அதே ஸ்லைடை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், வயலில் நாற்று நடுகிற மாதிரி வரிசை தவறாமல் போய்க்கொண்டிருப்பேன். அவள் போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பாதி வயலுதான் நட்டிருக்கா" என்பாள். மேடம் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை.

என் பலம் வேறு. ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் கரைத்து அப்படியே பார்ப்பது எல்லோரும் செய்வது. உயிரோடு ஓடுகிறதெல்லாம் அதில் தெரியும். அடுத்த சொட்டில் அயோடின் கலந்தால் உயிர் போய்விடும், உள்ளே இருக்கிற கரு பழுப்பாகத் துலங்கும். அமீபாவைப் பிரித்தறிய அது வேண்டும். இந்த இரண்டோடு அவள் நிறுத்திக்கொள்வாள். எனக்கு அது போதாது. ஒரு துளியில் இல்லையென்றால் ஆளிடமே இல்லை என்று எப்படிச் சொல்வது? நான் செறிவூட்டுவேன். ஃபார்மலினில் கரைத்து, வலைத்துணியில் வடிகட்டி, ஈதர் சேர்த்து, குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வைத்தால் குழாயில் நாலு அடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே ஈதர், அதற்குக் கீழே அழுக்கும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மூடி, பிறகு ஃபார்மலின், அடியில் ஒரு பொட்டு வண்டல். அந்த வண்டலில்தான் முட்டைகள் இருக்கும். கொக்கிப்புழு சந்தேகம் என்றால் இன்னும் எளிது: இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் கலக்கி, குழாயின் வாயைக் கவர் ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தால், முட்டை தானாக மிதந்து மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். தேடி அலையவேண்டாம். காத்திருந்தால் போதும்.

"ஒனக்கு எல்லாத்தையும் கடஞ்சு வெண்ணெ எடுக்கணும்" என்பாள் அவள்.

"ஒனக்கு மட்டும் எப்படிளா அது முன்னால வந்து நிக்கி?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"நான் தேடல. சும்மா பாக்கேன்."

அந்தப் பதிலை அன்று சேரன்மகாதேவிப் பேருந்தில் வீடு போய்ச் சேரும்வரை மென்றுகொண்டிருந்தேன். சும்மா பார்க்கிறாளாம்.

பங்குனி பிறந்த சமயம், மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். ரத்தப் பிரிவுக்கு இன்னொரு இயந்திரம் வருகிறது. இனி மாறிமாறி வேலை கிடையாது. ஒருத்தி நிரந்தரமாக மோஷன் மேசையில். ஒருத்தி இயந்திர அறையில். மேசைக்கு வருகிறவளுக்குப் புழு வளர்த்துப் பார்க்கும் முறைகளையும் மேடம் கற்றுக்கொடுப்பார். யார் என்பதை மாதக் கடைசியில் சொல்வார்.

"யாரா இருந்தா என்ன மேடம்" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு என்ன என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் வி.கே.புரத்து அம்மாவின் டப்பா வந்தது. விக்கிரமசிங்கபுரத்தை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா வாழைத்தோட்டத்துக்கும் வயலுக்கும் கூலிக்குப் போகிறவர், செருப்பில்லாத கால். உடம்பெல்லாம் கொப்புளம். தோல் டாக்டர் அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கவேண்டும். ஆனால் ரத்தத்தில் ஈசினோஃபில் என்கிற அணுக்கள் கூடுதலாக இருந்தன. புழு இருந்தால் அப்படிக் கூடும். அதிலும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று ஒரு புழு இருக்கிறது. மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக ஏறுவது. வருடக்கணக்காகச் சத்தம் காட்டாமல் குடலில் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் பெருகி உடம்பெங்கும் பரவி ஆளையே கொண்டுபோய்விடும். பார்க்காமலே புழு மருந்து கொடுத்துவிடவும் டாக்டருக்கு வழி உண்டு. ஆனாலும் மேடத்திடம் போனில், "இருக்கா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க, அதுவரைக்கும் நிறுத்தி வைக்கேன்" என்றார். மேடத்துக்கு அது தன்மானப் பிரச்சினை ஆனது. எங்கள் இருவருக்கும் அது வேறொன்றாக ஆனது. இந்தப் புழுவை எடுத்துக் காட்டுகிறவளுக்குத்தான் நாற்காலி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவுமில்லை.

முதல் டப்பா அவள் முறையில் வந்தது. அந்த வீட்டுக்காரர் பேருந்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த பேருந்தில் போய்விட்டார். அவள் சலைனில் பார்த்தாள், அயோடினில் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எனக்கு அன்று மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

இரண்டாவது டப்பா என் முறை. செறிவூட்டினேன். வண்டல் முழுவதையும் ஒரு துளி விடாமல் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "தண்ணீராக உள்ளது" என்று தன்மையை மட்டும் எழுதி வைத்தேன். அவளுக்கு அன்று சாப்பாடு எப்படி இறங்கியது என்று நான் கவனிக்கத் தவறவில்லை. நன்றாகவே இறங்கியது. மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள், எனக்கும் ஊற்றினாள்.

மூன்றாவது டப்பாவை மேடம் என்னிடம் கொடுத்தார். "தட்டுல வச்சுப் பாரு. காலேஜுல செஞ்சிருக்கேன்னு சொன்னியே."

அகர் தட்டு முறை பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத முறை. கடல்பாசியில் செய்த இனிப்புப் போலக் கெட்டியாக உறைந்த அகர், வட்டத் தட்டில். நடுவில் கொஞ்சம் மலத்தை வைத்து, மூடி, சுற்றிலும் டேப் ஒட்டிவிடவேண்டும். தப்பி வரும் புழு விரல் தோல் வழியாகவே நமக்குள் ஏறிவிடும். அதனால் டேப்பும் கையுறையும் கட்டாயம். இரண்டு நாள் மேசை ஓரத்தில் சும்மா இருக்கட்டும் என்று விடவேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. குளிர்ந்தால் புழு செத்துவிடும். உயிரோடு இருந்தால் அது நடுவிலிருந்து வெளியே ஊர்ந்து போகும். போகிறபோது மலத்தில் இருக்கும் பாக்டீரியாவை உடம்போடு இழுத்துக்கொண்டு போகும். அந்த வழி நெடுக பாக்டீரியா முளைத்துக் கோடாகத் தெரியும். புழுவைக்கூடப் பார்க்கவேண்டாம், அது நடந்துபோன தடத்தைப் பார்த்தால் போதும்.

அந்த இரண்டு நாளும் தட்டின் பக்கம் யார் போனாலும் என் காது அங்கேதான் இருந்தது.

தட்டு சுத்தமாக இருந்தது. தடம் இல்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்து மூடி வழியாகவே தட்டு முழுவதும் வரிசையாகப் பார்த்தேன். "இல்லை மேடம்" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். தட்டு ரொம்பச் சுத்தமாக இருந்தது. புழுத் தடம் இல்லாதது சரி. நடுவில் வைத்த மலத்தைச் சுற்றி ஒரு பாக்டீரியாகூட முளைக்கவில்லையே, அது எப்படி? மலத்தை வைத்து இரண்டு நாள் ஆன தட்டு, கழுவி வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்க வழியே இல்லை.

டப்பாவை எடுத்து முகர்ந்தேன். பினாயில். எங்கள் அறையே பினாயில் வாடைதான், அதனால் இத்தனை நாள் தனியாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அங்கே வைத்து முகர்ந்து பார்த்தேன். டப்பாவிலிருந்துதான் வந்தது. தண்ணீராக இருந்ததும் அதனால்தான்.

மேடத்திடம் சொன்னேன். மேடம் நாற்காலியைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவள் இயந்திர அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று பேருந்தில் நான் எதையும் மெல்லவில்லை. ஊர்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மறுநாள் அந்த அம்மாவையே வரச்சொன்னோம். வீட்டுக்காரரும் கூட வந்தார். மாதிரி எடுக்கும் அறையின் வாசலில் நான்தான் கேட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டிய வரிசையில் கேட்டேன்.

"அம்மா, டப்பால ஏதாவது மருந்து ஊத்தினீங்களா? டப்பாவ எதுல கழுவினீங்க? பினாயில் பட்டுச்சா?"

"நான் என்னத்த ஊத்தப் போறேன்? நல்லா இருக்கே கத."

வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்மா, அவ டப்பாவத் தொடச்சு, அதுக்கு ஒரு கவரு, கவருக்கு மேல ஒரு மஞ்சப்பையி, அப்படில்லா குடுத்து விடுதா. நீங்க எங்கயோ தப்புப் பண்ணிட்டு அவளப் போட்டுக் கேக்கிய."

அந்த அம்மா தரையைப் பார்த்தார். முதல் கேள்வியையே நான் திரும்பக் கேட்டேன். அப்போது அவள் வந்தாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"மாமா, நீங்க அங்கன பேன் காத்துல ஒக்காருங்க. எம்மா, நீங்க உள்ள வாங்க, வெயில்ல வந்திருக்கிய."

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். கையில் இருந்த கொப்புளங்களைப் பார்த்தாள். எரியுதா, ராத்திரி தூக்கம் உண்டா, கூலிக்குப் போறியளா என்றாள். புழுவைப் பற்றியோ டப்பாவைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். பிறகு அவளே சிரிக்கத் தொடங்கினாள்.

"எங்க ராத்தா, எங்க அக்கா ஒருத்தி இருக்கா. மோஷன் குடுக்கதுக்கு வெக்கப்பட்டுட்டு, டப்பால முகத்துக்குப் போடுத பவுடரக் கொட்டிக் குடுத்துட்டா. நான் இங்கன தொறந்து பாக்கேன், கல்யாண வீடு மாதிரி மணக்கு!"

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பவுடரா? பவுடரு எம்மா என்னத்துக்கு ஆவும்? நான் பினாயிலு ஒரு மூடிதான் ஊத்துனேன்."

அப்புறம் குரல் தாழ்ந்தது. "நீங்கள்லாம் சின்னப் பிள்ளைய. வீட்டுல எப்படி வளந்த பிள்ளைகளோ. எங்க அசிங்கத்தக் கையால எடுக்கியளே, நாத்தமாவது அடிக்காம இருக்கட்டுமேன்னு... மூணு தடவையும் ஊத்துனேன் தாயி. அவுகளுக்குத் தெரியாது."

நான் கண்டுபிடித்தது. ஆனால் அந்த அம்மா வாயிலிருந்து அதை வாங்கியவள் அவள். சோறு வடித்தது நான், பந்தியில் பரிமாறிப் பெயர் வாங்கியது அவள் என்கிற மாதிரி இருந்தது எனக்கு. இரக்கப்படவேண்டிய இடத்தில் எனக்கு முதலில் வந்தது அதுதான். அந்த அம்மா எங்கள் மூக்குக்காகப் பினாயில் ஊற்றியிருக்கிறார் என்பது மனதில் ஏறியது அதற்குப் பிறகுதான்.

பினாயில் படாத புது மாதிரி ஒன்று அங்கேயே, அப்போதே வேண்டும். அவள் கீழே ஓடிப்போய் டீயும் இரண்டு வாழைப்பழமும் வாங்கிவந்தாள். அந்த அம்மா சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார். வீட்டுக்காரர், "இன்னா வருது அன்னா வருதுன்னு பஸ்ஸுக்குக் கூட நான் இப்படிக் காத்துக் கெடக்கல" என்று புலம்பினார். "சும்மா இரியும். நீரு பேசுனா வாரதும் வராது" என்றார் அந்த அம்மா. கடைசியில் வந்தது. வெதுவெதுவென்று, கெட்டியாக.

அன்று மேசை அவள் முறை. நேரடியாக ஸ்லைடு போட்டுப் பார்த்தாள். இன்னொன்று, மற்றொன்று. அவள் இத்தனை ஸ்லைடு போட்டு நான் பார்த்ததில்லை. கண்ணாடி முக்காட்டின் மேலிருந்து நழுவி மடியில் விழுந்தது, எடுக்கவில்லை. சும்மா பார்க்கிறவள் அன்று தேடினாள். கிடைக்கவில்லை. நான் அகர் தட்டில் வைத்து, டேப் ஒட்டி, கத்தரிக்கோலால் முனையை ஒழுங்காக வெட்டி, மேசை ஓரத்தில் வைத்தேன்.

அடுத்த நாள் என் முறை. இன்னும் ஒருநாள் கிடக்கட்டும் என்று தட்டைத் தொடவில்லை. மாலை கிளம்பும்போது லென்ஸைத் துடைத்து, வளையத்தின் கோட்டை நடுவில் வைத்து, உறையைப் போட்டேன். என் பேருந்துக்காக நான் சீக்கிரம் போகவேண்டும். பக்கத்து ஊர்க்காரி என்பதால் அவள் பூட்டிவிட்டுப் போவாள்.

மறுநாள் காலை, அவள் முறை என்றாலும் என் தட்டுக்காக, முதல் ஆளாக வந்தேன். உறையை எடுத்தேன். வளையம் ஒரு பக்கமாகக் கடைசிவரை திரும்பியிருந்தது.

வளையத்தை அப்படியே விட்டேன். பிறகு தட்டை எடுத்தேன். டேப் புதிதாக இருந்தது. முனை மடித்து, பிரிக்க வாகாக ஒரு காது விட்டு ஒட்டியிருந்தது. அது அவள் பழக்கம்.

வளையத்தை நடுவுக்குத் திருப்பி, தட்டை வைத்துப் பார்த்தேன். ஆற்று மணலில் ஈரம் காயுமுன் நத்தை ஊர்ந்து போன மாதிரி, வளைந்து வளைந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஓரம்வரை தடங்கள். ஒரு தடத்தின் முனையில் அதை எழுதிக்கொண்டிருந்த புழுவே நெளிந்தது. இதற்கு முன் கல்லூரியில் செத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். உயிரோடு அதைப் பார்க்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன். பார்க்கிறபோது, இது எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டு எனக்காக மீதி வைத்தது என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஏறவில்லை.

கொக்கிப்புழுவின் குஞ்சும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஃபார்மலின் விட்டுத் தட்டைக் கழுவி, ஒன்றை ஸ்லைடில் ஏற்றி வாயைப் பார்த்தேன். வாய்க்குழி நீளமாக இருந்தால் கொக்கிப்புழு. இது குட்டையாக இருந்தது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ்தான்.

மேடம் வந்தார். பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவளும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்து, "அட, ஆமா!" என்றாள். நடிக்கவே தெரியவில்லை.

"யார் பாத்தது?" என்றார் மேடம்.

"அவதான் மேடம். அவ வச்ச தட்டு" என்று அவள் என்னைக் காட்டினாள்.

"இல்ல மேடம். இவ நேத்தே பாத்துட்டா."

"நான் எப்பளா பாத்தேன்?"

"வளையம் திரும்பியிருந்துச்சு."

"ஏட்டி, நீ என்ன போலீஸா?"

மேடம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் எனக்கு வேண்டாம் எனக்கு வேண்டாம்னு தள்ளிவிடுத பொருள இப்பத்தான் பாக்கேன். அதுவும் மோஷன்" என்றார். பிறகு தோல் டாக்டருக்குப் போன் போட எழுந்துபோனார். அந்த அம்மாவுக்கு முதலில் புழு மருந்து, அப்புறம்தான் ஸ்டீராய்டு என்று அவர் பேசுவது கேட்டது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவளிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

அவள் அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னாள். "தட்டு சுத்தமா இருக்குன்னு நீ சொன்னல்லா, அன்னைலருந்து எனக்கு வயிறு எரிஞ்சுக்கிட்டே கெடந்துது. பொறாம தாங்கல. நீ பஸ்ஸுக்குப் போனதும் பிரிச்சுப் பாத்துட்டேன். பாத்த பொறவு, நான் பாத்துட்டேன்னு சொன்னா ஒன் மூஞ்சி எப்படி ஆவும்னு நெனச்சேன். திரும்ப ஒட்டி வச்சிட்டேன். போதுமா? மீன் வேணுமா வேண்டாமா?"

இவ்வளவு நாளும் பொறாமை என்பது எனக்கு மட்டும் உள்ள சொத்து என்று வைத்திருந்தேன். அதிலும் அவள் என்னை முந்திவிட்டாள். நான் ஒரு வருடமாக மென்று விழுங்கியதை அவள் அப்பளத்தோடு சேர்த்து உடைத்துப் போட்டுவிட்டாள். மீனை வாங்கிக்கொண்டேன்.

"ஒனக்கு ராத்தா இருக்கான்னு சொல்லவே இல்லையே."

"எனக்கு ஏதுளா ராத்தா? ரெண்டே ரெண்டு காக்கா, ரெண்டு அண்ணனும் துபாய்ல."

மாதக் கடைசியில் மேடம் சொன்னார். மேசை எனக்கு. "முட்டையக் காட்டிட்டா எல்லாருக்கும் சந்தோசம். ஒண்ணுமே இல்லாத தட்டப் பாத்துக் கவலப்பட்டது நீதான். அதான் எனக்கு இங்க வேணும்." அவளுக்கு இயந்திர அறை. கூடவே இன்னொன்று: வளர்த்துப் பார்க்கவேண்டிய மாதிரிகளை இனி வரவேற்பில் வாங்கக்கூடாது, அவள்தான் ஆளைப் பார்த்து, பேசி, வாங்கவேண்டும்.

நாற்காலி என்னுடையது. உயரத்தை எனக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன். வளையத்தின் கோடு நடுவில் நிற்கிறது. மேடம் சொல்வதெல்லாம் என் காதில்தான் முதலில் விழுகிறது. இவ்வளவையும் வரிசையாகச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளும்போதுதான் திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். யாரோ ஒருவர் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவளுக்கு அதற்குள் ஒரு மதினியும் சின்னம்மாவும் பிறந்துவிட்டார்கள். ஒருத்தி டப்பாவுக்குப் பொட்டு வைத்துக் கொடுத்தவள்.

சித்திரையில் வி.கே.புரத்து அம்மா புழு போய்விட்டதா என்று பார்க்க வந்தார். கொப்புளங்கள் காய்ந்து தழும்பாகியிருந்தன. கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். நான் எழுந்து நின்றேன்.

"அந்தப் பிள்ள எங்க தாயி?" என்றார்.

"அங்கன இருக்கா" என்று இயந்திர அறையைக் காட்டினேன். பழம் அங்கே போனது. அவர் கொடுத்த டப்பா என்னிடம் வந்தது. தட்டில் வைத்தேன். இரண்டு நாளில் நடுவில் பாக்டீரியா ஒழுங்காக முளைத்திருந்தது, தடம் ஒன்றுகூட இல்லை. சுத்தம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். அறிக்கையை நான்தான் எழுதினேன். அந்த அம்மாவிடம் சொல்லும் வேலை அவளுக்குப் போனது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வரும்போது சில நாள் வளையம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். நான் கை கழுவப் போகிற இடைவெளியில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். நான் ஒன்றும் கேட்பதில்லை. நடுவுக்குத் திருப்பிக்கொள்வேன். நல்ல தட்டு இருக்கிற நாளில் கை கழுவக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். வளையம் திரும்பாத நாட்களில்தான் எனக்கு வேலை ஓடுவதில்லை. அந்தப் பக்கம் இதைவிடச் சுவையாக என்ன நடக்கிறது என்று காது அங்கேயே போய்விடுகிறது.